நகராத மணிச்சத்தைத் தேடும் வேர்கள்

லால்பாகை ஒட்டிய சித்தாபுரா நாற்றங்கால்களில் ஒன்றில், சென்ற ஆண்டு பருவமழைக்குச் சற்று முன்னர் ஒரு சண்பகக் கன்று வாங்கினேன். விற்றவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். என் கன்னடம் தடுமாறுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறியவர், கன்றோடு ஒரு சிறு பொட்டலத்தையும் கையில் கொடுத்து, "சார், குழியில இந்த வேம் போடுங்க. இதப் போட்டீங்கன்னா டிஏபி பக்கம் போகாதீங்க, ரெண்டும் ஒத்துக்காது" என்றார். வேம் என்று கடைகளில் விற்கப்படுவது வேர் உட்பூசணம். வேருக்குள் குடிபுகுந்து, மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுக்கும் பூஞ்சை. டிஏபி என்பது மணிச்சத்து மிகுந்த உரம். மூட்டையின்மேல் 18:46:0 என்று அச்சிட்டிருப்பதில் 46 என்பது பாஸ்பேட்டின் விழுக்காட்டைக் குறிக்கும். இரண்டும் ஒரே சத்துக்காகத்தான் இடப்படுகின்றன என்றால் ஏன் ஒத்துக்கொள்ளாது என்று கேட்டேன். அனுபவத்தில் கண்டது என்று சொல்லி, அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதன் காரணம் விளங்க வேண்டுமானால் தொட்டியை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய், உரமிட ஆளில்லாத இடத்தில் மரங்கள் மணிச்சத்தை எப்படித் தேடிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும்.

வேளாண் வழக்கில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்று பேரூட்டங்களைச் சொல்கிறோம். நடுவிலுள்ள மணிச்சத்துதான் பாஸ்பரஸ். மரபுப் பொருளான டிஎன்ஏவின் இழைகளைக் கோத்து நிற்பது பாஸ்பேட். உயிரணுவைச் சூழ்ந்த சவ்வின் கட்டுமானத்திலும் அது இருக்கிறது. உயிரணுவுக்குள் ஆற்றலைக் கைமாற்றும் ஏடிபி மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்கள் வரிசையாக நிற்கின்றன. ஆகவே ஒரு மரம் புதிதாக ஒரு தளிர் விட வேண்டுமென்றாலும் அதற்குரிய மணிச்சத்து எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மணிச்சத்து தழைச்சத்திலிருந்து அடியோடு வேறுபடுகிறது. தழைச்சத்தாகிய நைட்ரஜன் காற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நிரம்பியிருக்கிறது; புங்கை போன்ற மரங்களின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் பிடித்து மண்ணில் சேர்த்துவிடுகின்றன. மணிச்சத்துக்கு அப்படிக் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும் வழி கிடையாது. அது பாறையிலிருந்து வர வேண்டும். லால்பாகில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைமேடு ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை கொண்ட நைஸ் வகைப் பாறை. தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாலையில் அதன்மேல் உட்கார்ந்து கடலை கொறிப்பவர்களின் காலடியில், கண்ணுக்குத் தெரியாத சிறு படிகங்களாக அபடைட் என்னும் கனிமம் பொதிந்திருக்கிறது. உலகின் தரைக்காடுகளுக்கு மணிச்சத்தின் மூலமுதல் பெரும்பாலும் இந்தக் கனிமம்தான். மழைநீரும், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் அமிலங்களும் அதைப் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கரைக்கின்றன.

கரைந்துவிட்டால் கிடைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண்ணுக்கு அந்த நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு. இரும்பும் அலுமினியமும் மிகுந்த மண்ணில், கரைந்து வந்த பாஸ்பேட் அயனி அந்த ஆக்சைடுகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் அவற்றின் உட்புறத்தில் சிறைப்பட்டும் போகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இதே வேலையைக் கால்சியம் செய்கிறது. எஞ்சியதில் ஒரு பெரும் பகுதி உதிர்ந்த இலை, செத்த வேர், நுண்ணுயிர் ஆகியவற்றின் உடற்பொருளோடு பிணைந்த கரிம வடிவில் இருக்கிறது. அதையும் வேர் அப்படியே உறிஞ்ச முடியாது. மண்ணிலுள்ள மொத்த மணிச்சத்து வேறு, மரத்தின் கைக்கு எட்டும் மணிச்சத்து வேறு. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் சாவி கையில் இல்லாத வீட்டின் நிலை அது.

இதற்குமேல் இன்னொரு தொல்லையும் உண்டு; என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றுக்கும் தலையானது. மணிச்சத்து மண்ணில் நகராது. நைட்ரேட் வடிவிலுள்ள தழைச்சத்து மண்ணிலுள்ள நீரோடு சேர்ந்து ஓடிவரும். மரம் நீரை உறிஞ்சும்போது அதுவும் வேருக்கு வந்து சேரும். பாஸ்பேட் அயனியோ போகும் வழியெல்லாம் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டும் விடுபட்டும் தவழ்வதால், ஒரு நாளில் அது கடக்கும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கும். எனவே வேர் தன்னைச் சுற்றியுள்ள ஓரிரு மில்லிமீட்டர் மண்ணிலிருந்த பாஸ்பேட்டை எடுத்து முடித்ததும், அதைச் சுற்றி ஒரு வெற்றுவளையம் உண்டாகிவிடுகிறது. அதற்கு வெளியே இருப்பது உள்ளே வருவதற்குள் வேருக்கே வயதாகிவிடும். பரிமாற ஆள் வராத பந்தி என்று இதைச் சொல்லலாம். இலையிலிருப்பதை உண்டு முடித்தவர் உட்கார்ந்திருந்து பயனில்லை. அவரே எழுந்துபோய் அடுக்களையைத் தேட வேண்டும். காட்டு மரங்களின் வேரமைப்பைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, இந்த எழுந்துபோதலை ஒவ்வொரு மரமும் எப்படிச் செய்கிறது என்பதைப் பற்றியதே.

எழுந்துபோவதற்கு வேரே நீளலாம். ஆனால் வேர் வளர்ப்பது செலவுமிக்க வேலை. அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு வேரையும், 0.005 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு பூசண இழையையும் எடுத்துக்கொள்வோம். இழை வேரைவிட நூறு மடங்கு மெல்லியது. ஒரு குழலின் பருமன் அதன் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரு சென்டிமீட்டர் வேருக்கு ஆகும் உடற்பொருளைக் கொண்டு பத்தாயிரம் சென்டிமீட்டர், அதாவது நூறு மீட்டர் நீளத்துக்கு இழை நூற்க முடியும். அதோடு, வேர் நுழைய முடியாத மண்ணிடுக்குகளிலும் இழை நுழையும். வெற்றுவளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தொலைவுக்குப் போகும். பள்ளிக் கணக்குதான், ஆனால் தரைத் தாவரங்களில் மிகப் பெரும்பான்மையானவை ஏன் பூசணத்தோடு கூட்டு வைத்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

வேரும் பூசணமும் சேர்ந்த இந்த உறுப்புக்கு மைக்கோரைசா என்ற பெயரை 1885-இல் சூட்டியவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். விலைமதிப்புள்ள டிரபிள் என்னும் நிலத்தடிக் காளானைப் பயிரிட வழியுண்டா என்று ஆராயும்படி பிரஷ்ய அரசு அவரிடம் ஒப்படைத்திருந்தது. அவர் டிரபிளைப் பயிராக்கவில்லை, மாறாக அது மரவேரோடு கொண்டிருந்த உறவைக் கண்டுகொண்டார். உறவு அதற்கு மிகமிக முற்பட்டது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊருக்கருகே கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள புதைபடிவங்களில், வேர் என்று சொல்லத்தக்க உறுப்பே உருவாகாத தொல்செடிகளின் உயிரணுக்களுக்குள் பூசணம் கிளைத்திருப்பதைக் காணலாம். செடிகள் தரையேறிய காலத்திலேயே பூசணம் உடன் இருந்தது என்பதற்கு அது சான்று.

இந்தக் கூட்டில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. முதல் வகை, என் பொட்டலத்தில் இருந்த வேர் உட்பூசணம். அதன் இழை, வேரின் மேல்தோலுக்கு உட்புறமுள்ள புறணி அடுக்கின் உயிரணுவுக்குள் நுழைந்து, சிறு மரத்தைப் போலக் கிளைத்துக்கொள்கிறது. அந்தக் கிளைகள்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம். வெளியிலிருந்து இழை வழியாகப் பாலிபாஸ்பேட் சங்கிலிகளாக வந்த மணிச்சத்து இங்கே செடிக்குக் கைமாறுகிறது. செடி பதிலுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் தருகிறது. கொழுப்பமிலங்களைத் தானே புதிதாக உருவாக்கும் திறன் இந்தப் பூசணங்களுக்கு இல்லை என்பதும், அவற்றைச் செடியிடமிருந்தே பெறுகின்றன என்பதும் 2017-இல்தான் உறுதியாயிற்று. கிளைத்த அந்த அமைப்பு சில நாட்களே உயிரோடிருந்து சிதைந்துவிடும். பிறகு வேறோர் உயிரணுவில் புதிதாகக் கிளைக்க வேண்டும். செடி தன் இலைகளில் ஆக்கிய கரிமப் பொருளில் 4 முதல் 20 விழுக்காடு வரை இந்தக் கூட்டாளிக்குப் போவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். எந்தக் கணக்கிலும் அது சிறிய கூலி ஆகாது.

கூலி பெரிது என்பதால்தான், தேவையில்லாதபோது செடி குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்கிறது. மணிச்சத்து குறைந்த மண்ணில் வளரும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளைக் கசியவிடுகிறது. சோளக்காட்டில் உழவர்கள் அஞ்சும் சுடுமல்லிக் களையின் விதையை முளைக்கத் தூண்டும் பொருள் என்றே இது 1966 முதல் அறியப்பட்டிருந்தது. தன்னையே அழிக்கும் களையைச் செடி ஏன் வலிந்து அழைக்கிறது என்பது நீண்ட நாள் புதிராக இருந்தது. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை கண்டார்கள்: அந்த அழைப்பு உட்பூசணத்துக்கு விடுக்கப்பட்டது, களை அதை ஒட்டுக்கேட்டு வருகிறது. மண்ணில் மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது வேர் இந்த அழைப்பைக் குறைத்துவிடுகிறது, பூசணம் உள்ளே நுழைவதற்கு உதவும் மரபணுக்களையும் அடக்கிவைக்கிறது. டிஏபி இட்ட குழியில் வேம் ஏன் பிடிப்பதில்லை என்ற நாற்றங்கால் கேள்விக்கு நேர்விடை இதுவே. பூசணத்தை உரம் கொல்லவில்லை. கதவைத் திறக்கும் தேவை மரத்துக்கு இல்லாமல் போகிறது.

எல்லா மரங்களும் இந்தக் கூட்டை ஒரே அளவில் நம்பியிருப்பதில்லை. அதற்கு என் சண்பகமே நல்ல எடுத்துக்காட்டு. மல்லேசுவரத்தில் சம்பிகே சாலைக்குப் பெயர் தந்த இந்த மரம் மேக்னோலியாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூக்கும் தாவரங்களில் மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்றான அக்குடும்பத்தின் நுனிவேர்கள் தடித்தவை, கிளைத்தல் குறைந்தவை, வேர்த்தூவிகள் அரிதாகவே உள்ளவை. அப்படிப்பட்ட வேர் தானாக மண்ணைத் துழாவி மணிச்சத்து தேடுவதற்கு ஏற்றதன்று. ஆனால் தடித்த புறணி, பூசணத்துக்கு விசாலமான வீடு. தேடும் வேலையை முழுவதும் பூசணத்திடம் ஒப்படைத்துவிட்ட வேர் அது. இதற்கு மறுகோடியில் மிக மெல்லிய, நெருக்கமாகக் கிளைத்த வேர்களும் நீண்ட தூவிகளும் கொண்ட தாவரங்கள் இருக்கின்றன. அவை தம் வேலையைப் பெரும்பாலும் தாமே பார்த்துக்கொள்ளும். உலகெங்கும் அளந்த வேர்த் தரவுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, வேர்களின் வேறுபாடுகளை விளக்கும் முதன்மையான அச்சுகளில் ஒன்று இதுவே என்று காட்டியது: ஒரு முனையில் தானே தேடுபவை, மறுமுனையில் ஆளமர்த்தித் தேடுபவை. கர்நாடகத்தின் பெருமையான சந்தன மரம் இந்த அச்சில் அடங்காத ஒரு குறும்புக்காரன். அது பக்கத்து மரத்தின் வேரில் தன் உறிஞ்சு உறுப்பைப் பொருத்தி, அந்த மரம் தேடி வைத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இனி காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1976-இல் வாக்கர், சயர்ஸ் என்ற இருவர் நியூசிலாந்து மண்களைக் கொண்டு ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எரிமலைக் குழம்போ பனியாறோ புதிதாக விட்டுச்சென்ற நிலத்தில் மணிச்சத்து ஏறக்குறைய முழுவதும் அபடைட்டாக இருக்கும். ஆண்டுகள் ஓட ஓட அது கரைந்து, ஒரு பகுதி உயிர்களின் கரிமச் சுழற்சிக்குள்ளும், ஒரு பகுதி இரும்பு, அலுமினியத்தின் சிறைக்குள்ளும் போகும். இன்னொரு பகுதி மழைநீரில் கழிந்து ஆற்றோடு போய்விடும். தழைச்சத்தைப் போலக் காற்றிலுள்ள வாயுவிலிருந்து ஈடுசெய்ய வழியில்லாததால், மண் முதுமையடைய அடைய மொத்த மணிச்சத்தே சுருங்கிவரும். தழைச்சத்தோ எதிர்த்திசையில் நடக்கிறது. புதிய நிலத்தில் அது அறவே இல்லை, காலப்போக்கில் காற்றிலிருந்து சேர்கிறது.

இதைக் கண்கூடாகப் பார்க்க வாய்த்த இடம் ஹவாய்த் தீவுகள். எரிமலைகள் வரிசையாக உருவாக்கிய அத்தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 300 ஆண்டு வயதுள்ள மண்ணும் உண்டு, 41 லட்சம் ஆண்டு வயதுள்ள மண்ணும் உண்டு. அந்த வரிசை முழுவதிலும் ஓஹியா என்ற ஒரே மரம் காட்டை ஆள்கிறது. பீட்டர் விட்டோசெக்கும் உடன் ஆய்வாளர்களும் இரு முனைகளிலும் உரமிட்டுப் பார்த்தபோது, இளைய மண்ணில் நின்ற மரங்கள் தழைச்சத்துக்கும், மூத்த மண்ணில் நின்றவை மணிச்சத்துக்கும் வளர்ச்சி காட்டின. மரம் ஒன்றுதான், பசி நிலத்தின் வயதுக்கேற்ப மாறுகிறது. அந்த மூத்த மண்ணுக்கு இன்று வந்துசேரும் மணிச்சத்தில் பெரும்பகுதி, ஆசியப் பாலைநிலங்களிலிருந்து கடல் தாண்டிக் காற்றில் வரும் புழுதி என்றும் கண்டறிந்தார்கள்.

மண்ணில் மணிச்சத்து இன்னும் குறைந்து, கரைந்த நிலையில் பாஸ்பேட்டே ஏறத்தாழ இல்லாமல் போனால் என்ன ஆகும்? பூசணத்தின் துணை அங்கே மேலும் பெருகும் என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். நடப்பது வேறு. உட்பூசணத்தின் திறமை தொலைவைக் கடப்பதில் இருக்கிறது. இறுகப் பிணைந்த பாஸ்பேட்டைப் பிரித்தெடுப்பதில் அது வல்லது அன்று. அடுக்களையே காலியானபின் எழுந்துபோக ஆளமர்த்தி என்ன பயன்? மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூரியன் வளைகுடாப் பகுதியில், 20 லட்சம் ஆண்டு வரை வயதுள்ள மணல்மேடுகளில், உலகிலேயே மணிச்சத்து மிகக் குறைந்த மண்களில் சில இருக்கின்றன. அங்கே ஆட்சி செலுத்துவது புரோட்டியேசி என்னும் குடும்பம்; அதன் இனங்களில் பெரும்பாலானவை பூசணத்தோடு கூட்டே வைப்பதில்லை. மாறாக, மழைக்காலத்தில் அவற்றின் வேரில் புட்டி கழுவும் தூரிகை போல நெருக்கமான சிறுவேர்க் கொத்துகள் தோன்றுகின்றன. சில வாரங்களே வாழும் அந்தக் கொத்துகள், குறுகிய காலத்தில் சிட்ரேட், மாலேட் போன்ற கரிம அமிலங்களைப் பெருமளவில் மண்ணில் கொட்டுகின்றன. அவை இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொண்டு பாஸ்பேட்டை விடுவிக்கின்றன. பூட்டை உடைத்துப் பத்தாயத்தைத் திறக்கும் முறை. கிடைத்ததைச் செலவிடுவதிலும் இக்குடும்பத்துக்கு அசாத்தியச் சிக்கனம்: சவ்வுகளில் பாஸ்பேட் சேர்ந்த கொழுப்புக்குப் பதிலாகச் சர்க்கரையும் கந்தகமும் சேர்ந்த கொழுப்புகளை வைத்துக்கொண்டு, பாஸ்பேட்டை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகின்றன.

இந்தக் குடும்பத்தைப் பார்க்க ஆஸ்திரேலியா போகத் தேவையில்லை. பெங்களூரின் பழைய குடியிருப்புகளிலும் பூங்காக்களிலும் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக், பெயரில்தான் ஓக். மெய்யில் புரோட்டியேசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய மரம். குடகிலும் நீலகிரியிலும் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிறுத்தியிருப்பதும் இதுவே. இதன் வேரிலும் கொத்துவேர் தோன்றும். நாம் நன்கறிந்த சவுக்கும், குடும்பம் வேறானாலும், இதே உபாயத்தைத் தனியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் வகைப் பூசணம், வேரின் உயிரணுவுக்குள் புகாமல் வெளியே உறைபோலப் போர்த்திக்கொண்டு, உயிரணுக்களின் இடைவெளிகளில் மட்டும் வலை பின்னும் வேர்ப் புறப்பூசணம். தாவர இனங்களில் ஏறத்தாழ 2 விழுக்காடே இதனோடு கூட்டு வைத்திருந்தாலும், பைன், ஓக், பீச் போன்ற பெருங்காடுகளின் மரங்கள் அதில் அடங்குவதால், உலகிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினால் பாதிக்கும் மேற்பட்டவை இந்த வகையின் கூட்டாளிகளே. இவற்றில் பல, கரிமப் பொருளை வெட்டிப் பாஸ்பேட்டை விடுவிக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகளையும், கனிமத்தை அரிக்கும் ஆக்சாலிக் அமிலத்தையும் வெளியிடும் திறன் பெற்றவை. நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு குங்கிலிய மரமாகிய சால். மழை தொடங்கியதும் ஜார்க்கண்டில் ருக்டா என்று கூடைகூடையாகச் சந்தைக்கு வரும் உருண்டைக் காளான், சால் வேரின் புறப்பூசணம் ஈன்ற கனி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களில் பெரும்பாலானவை உட்பூசணத்தோடு வாழ்பவை. கோலார்ச் சாலையில் வரிசைவரிசையாகத் தெரியும் தைல மரம் இரண்டு வகைப் பூசணத்தையும் ஏற்றுக்கொள்ளும். எங்கும் பிழைத்துக்கொள்ளும் அதன் இயல்புக்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம்.

ஒரே இன மரங்கள் நிற்கும் காட்டிலும் மண்ணின் மணிச்சத்து வேர்களின் இருப்பிடத்தையே மாற்றிவிடும். ஜெர்மனியின் பீச் காடுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், எரிமலைப் பாறையின்மேல் உருவான வளமான மண்ணில் மரங்கள் தம் வேரை ஆழத்துக்கு அனுப்பிக் கனிமத்திலிருந்து மணிச்சத்தை எடுப்பதையும், அங்கே உதிர்ந்த இலைகள் விரைவில் மக்கி மறைவதையும் கண்டார்கள். மணிச்சத்து வறண்ட மணற்பாங்கான மண்ணில் இலைச்சருகு தரையில் தடித்த மெத்தையாகத் தேங்கியிருந்தது. நுண்வேர்களும் அவற்றின் பூசணங்களும் அந்த மெத்தைக்குள்ளேயே குவிந்து, சருகிலிருந்து விடுபடும் மணிச்சத்து கீழே இறங்குவதற்கு முன் திரும்பப் பிடித்துக்கொண்டன. முன்னதை ஈட்டி வாழும் காடு என்றும், பின்னதைச் சுழற்றி வாழும் காடு என்றும் பிரிக்கலாம். சுழற்சி மண்ணில்தான் தொடங்குகிறது என்றுமில்லை. இலை உதிர்வதற்கு முன்பே அதிலிருந்த மணிச்சத்தில் ஏறத்தாழப் பாதியை மரம் உள்ளிழுத்துக்கொள்கிறது.

சுழற்றி வாழ்வதில் உச்சியைத் தொட்டது அமேசான். அங்குள்ள மண் முதிர்ந்தது, கழிந்து போனது. பல இடங்களில் நுண்வேர்கள் மண்ணுக்கு மேலே ஏறிச் சருகுக்குள் பாய்போல விரிந்திருக்கின்றன. மழையிலும் வெள்ளத்திலும் அடித்துச் செல்லப்படும் மணிச்சத்தை ஈடுசெய்வதில் சஹாராவுக்குப் பங்குண்டு. நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2015-இல் வெளியான கணக்கின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 2 கோடியே 77 லட்சம் டன் புழுதி அமேசான் படுகையில் விழுகிறது. அதில் மணிச்சத்து ஏறத்தாழ 22,000 டன், அதாவது ஆண்டுதோறும் இழப்பதாக மதிப்பிடப்படும் அளவு. மனௌஸ் நகருக்கருகே காட்டில் மணிச்சத்தையும் பிற சத்துகளையும் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. மணிச்சத்து இட்ட இடங்களில் இரண்டே ஆண்டுகளில் நுண்வேர் உற்பத்தி 29 விழுக்காடு கூடியிருந்தது. அடிமரத்தின் வளர்ச்சியில் மாற்றம் தென்படவில்லை. மணிச்சத்து கிடைத்ததும் மரம் தடிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, வேர்தான் முதலில் பதில் சொல்லியிருக்கிறது.

காற்றில் கரியமில வாயு கூடுவதால் காடுகள் வேகமாக வளர்ந்து அதை உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இங்கே வந்து முட்டுகிறது. சிட்னிக்கு மேற்கே, மணிச்சத்து குறைந்த மண்ணில் நிற்கும் முதிர்ந்த தைல மரக் காட்டில், குழாய்க் கோபுரங்கள் வழியாகக் கரியமில வாயுவைக் கூடுதலாகச் செலுத்திப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். இலைகள் கூடுதலாக உணவு ஆக்கின, மரங்கள் வளரவில்லை. கூடுதல் கரிமத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய், அங்கிருந்து மூச்சாகத் திரும்பிவிட்டது. அந்தக் காட்டில் மணிச்சத்து இட்ட மரங்களோ பருத்தன.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடலாம். பூசண இழைகள் வழியே தாய்மரம் சேய்மரத்துக்கு ஊட்டுகிறது, மரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்றெல்லாம் பரவும் செய்திகளை அடிக்கடி காண்கிறோம். இத்தகைய கூற்றுகளுக்கான காட்டுச் சான்றுகளை 2023-இல் மறுபரிசீலனை செய்த மூன்று பூசண ஆய்வாளர்கள், சொல்லப்படும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்றே முடிவு கூறினார்கள். சர்க்கரைக்கு மணிச்சத்து என்ற கொடுக்கல் வாங்கல் உறுதியானது. தாய்ப்பாசம் நாம் ஏற்றிச் சொல்வது.

பெங்களூருக்குத் திரும்பினால், இந்தக் கொடுக்கல் வாங்கலை வயலுக்குக் கொண்டுவந்ததில் ஜி.கே.வி.கே. வளாகத்து வேளாண் பல்கலைக்கழகத்துக்கு முக்கியப் பங்குண்டு. அங்கே உட்பூசண ஆய்வை வளர்த்தெடுத்தவர் டி. ஜே. பாக்யராஜ். நாற்றங்காலிலேயே உட்பூசணம் ஏற்றிய மிளகாய் நாற்றை வயலில் நட்டால் விளைச்சல் கூடும், பாஸ்பேட் உரத்தையும் மிச்சப்படுத்தலாம் என்று அவரும் உடன் ஆய்வாளரும் 1982-இல் காட்டினார்கள். என் தருமபுரிக்காரர் பொட்டலத்தை விற்பதற்குப் பின்னால் அப்படி ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. இருந்தாலும், ஏற்கெனவே உரம் கண்ட தோட்டமண்ணில் பொட்டலத்தால் பெரிய பயன் விளையும் என்று நான் நம்பவில்லை. தேவையில்லாத மரம் கதவைத் திறக்காது. இதைவிட எளிய வழி, மரத்தடிச் சருகைக் கூட்டிக் கோணிப்பையில் கட்டி வெளியேற்றாமல் இருப்பது. நம் தெருக்களில் நாள்தோறும் நடப்பது இந்த வெளியேற்றம்தான். மரம் உள்ளிழுத்ததுபோக எஞ்சிய மணிச்சத்து பையோடு போய்விடுகிறது.

சண்பகத்துக்கு டிஏபி இடவில்லை, பொட்டலத்தை இட்டேன். இந்த மழையில் இலை நன்றாக இருக்கிறது. அதற்குப் பொட்டலம் காரணமா, மழை காரணமா என்று ஒரே ஒரு கன்றைக் கொண்டு சொல்ல முடியாது. வீட்டருகே அல்சூரில் ஒரு பழைய சில்வர் ஓக் நிற்கிறது. ஒரு நல்ல மழைக்குப் பிறகு அதனடியில் சருகை விலக்கி, மேல்மண்ணை விரலால் மெல்லக் கிளறிப் பார்த்தேன். தூரிகை போன்ற கொத்துவேர் எதுவும் தென்படவில்லை. மணிச்சத்து போதிய அளவு உள்ள மண்ணில் அந்த மரம் கொத்துவேர் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். பத்தடி தள்ளிக் கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது.